மட்டிக்கு லாரி வராது

அன்புள்ள அக்காவுக்கு,

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் என் ஊர். குழித்துறையில் ரயில் ஏறி தினமும் திருவனந்தபுரம் போய் மென்பொருள் வேலை பார்க்கிறேன். போன மாதம் வெளியான ஒரு பெரிய படத்துக்கு அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து போனோம். தியேட்டரே எழுந்து நின்று ஆடியது. எனக்கோ இடைவேளையிலேயே வெளியே போய்விடலாம் போல இருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டில் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'அறிவுஜீவி'. ரயில் கூட்டாளிகளிடமும் இதே கதைதான். இப்போது யார் கேட்டாலும் 'செமயா இருந்துச்சு' என்று சொல்லித் தப்பித்துவிடுகிறேன். பொய் சொல்கிறோமே என்று உறுத்துகிறது.

எல்லோருக்கும் பிடிப்பது எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? குறை என்னிடமா? கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் அது தரமானதாக இருக்க முடியாதா? ரசனையை வளர்த்துக்கொள்ள என்னென்ன படிக்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? எனக்கு வில்லுப்பாட்டு பிடிக்கும். ரயிலில் ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதியது மூன்று பக்கம். அந்தப் படம் எவ்வளவு மோசம் என்பதற்கு அதில் இரண்டரைப் பக்கம். வில்லுப்பாட்டு பிடிக்கும் என்பதற்கு இரண்டு வரி. இதைப் பிறகு பேசுகிறேன்.

கடிதம் வந்த அன்று காலையில் நான் எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் ஏசி போட்ட கடைக்குப் போயிருந்தேன். பழம் அடுக்கியிருந்த இடத்தில் ஒரே அளவில், ஒரே மஞ்சளில், சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி ரோபஸ்டா வாழைப்பழம். நம் மாவட்டத்து வாழைப்பழமான மட்டி இல்லையா என்று கேட்டேன். அங்கே நின்ற பையனுக்கு உங்களைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். "அதெல்லாம் மூவ் ஆகாதுக்கா" என்றான். நாகர்கோவிலில் நின்றுகொண்டு சொன்னான். எனக்கு வந்த கோபத்தை அவனிடம் காட்டி என்ன பயன் என்று வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் உங்கள் கடிதம்.

முதலில் சில்லறைக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

பொய்யா என்று கேட்டீர்கள். 'செமயா இருந்துச்சு' என்பதெல்லாம் ஒரு பொய்யா? 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால், சாப்பிடாவிட்டாலும் 'ஆச்சு' என்கிறோம். கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மா வந்து "பிரதமன் எப்படி?" என்று கேட்கும்போது வாயை எரித்த வெல்லப் பாகை விழுங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன கல்யாணங்கள் எத்தனையோ. அதற்காகத் தூங்காமல் கிடந்ததில்லை.

குறை உங்களிடமா? இல்லை. பட்டியல்? தர மாட்டேன். பட்டியல் வைத்துப் படிப்பவர்கள் பட்டியலைத்தான் ரசிக்கிறார்கள்.

கூட்டத்துக்குப் பிடித்தது தரமாக இருக்குமா என்ற கேள்விக்கும் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் மூன்று பேர் 14,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2006இல் வெளியிட்டார்கள். யாரும் கேட்டிராத 48 பாடல்கள். கேட்பவர்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதைக் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் முதலிடத்துக்கு வந்த பாட்டு இன்னொன்றில் நாற்பதாவதாகக் கிடந்தது. அதே பாட்டுதான். ரொம்ப நல்லது அடியில் போவதில்லை, ரொம்ப மோசமானது உச்சிக்கு வருவதில்லை, நடுவில் இருப்பதற்கு என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆராய்ச்சி எல்லாம் எதற்கு, தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் போய்ப் பாருங்கள். கால்பந்து உலகக் கோப்பை வந்தால் கடற்கரை முழுக்க பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும். அங்கே ஒரு பையன் 'எனக்கு கிரிக்கெட்தான் பிடிக்கும்' என்றால் அவன் பாடும் உங்கள் பாடுதான். பஸ் ஏறி தக்கலைக்கு வந்தான் என்றால் அவன்தான் பெரும்பான்மை.

இன்னொன்று. வில்லுப்பாட்டு பிடிக்கும் என்று நீங்கள் எழுதிய இரண்டு வரியில் ஒரு சின்ன தலைக்கனம் தெரிந்தது. மறுக்காதீர்கள், எனக்கும் உங்கள் வயதில் அது இருந்தது. வில்லுப்பாட்டு என்ன, நாலு பேர் கூடி ரகசியமாக ரசித்த கலையா? நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை, அதாவது சுடலைமாடன் திருவிழாவோ முத்தாரம்மன் திருவிழாவோ நடந்தால் ஊரே பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடியக் கேட்டது. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் அதைப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுபோனது அதற்கு ஆள் கூடும் என்று தெரிந்துதான். அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் வில்லுப்பாட்டு பிடிக்காத ஒரு பையன் கட்டாயம் இருந்திருப்பான். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளி "உறங்காதல, சாமி பாத்துட்டிருக்கு" என்றிருப்பாள். பாவம், அவன் யாருக்குக் கடிதம் எழுதினானோ.

சரி, மட்டிக்கு வருகிறேன்.

இரணியல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மாவட்டத்தில் பலரும் செய்தது போல அப்பாவும் நெல்லை விட்டுவிட்டு வாழைக்கு மாறினார். வாழை என்றால் ஏத்தன்தான், நேந்திரன் என்பார்களே, அது. ஓணம் நெருங்கும்போது மலையாளத்து வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்பார்கள். வெட்டி ஏற்றினால் கையில் பணம். மட்டிக்கு லாரி வராது. ஆனாலும் அப்பா வரப்பை ஒட்டி பன்னிரண்டு மூடு மட்டி வைத்திருந்தார். வருஷா வருஷம் அதே பன்னிரண்டு. அம்மாவுக்கு அது பிடிக்காது. "அந்த எடத்துல பன்னெண்டு ஏத்தன் வச்சா பிள்ளைக்கு ஒரு கம்மல் ஆவும்" என்பாள். அந்தப் பிள்ளை நான்தான்.

பழுத்த குலையைச் சீப்பு சீப்பாக அரிந்து, திங்கள்கிழமை திங்கள்சந்தைக்குக் கொண்டுபோவார். லீவு நாளாக இருந்தால் நானும் போவேன். 1984 என்று நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருஷம் அக்டோபர் 30ஆம் தேதிதான் நாகர்கோவிலில் வானொலி நிலையம் தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. நம் ஊர் ரேடியோ என்று நாங்கள் குதித்துக்கொண்டிருந்த மறுநாளே இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள். அதை விடுங்கள்.

சந்தையில் அப்பாவிடம் மட்டி வாங்க முக்கியமாக ஒரே ஒரு ஆச்சி வருவாள். வெள்ளைச் சேலை, காதில் தொங்கும் துளை. உடனே வாங்க மாட்டாள். சீப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். காம்புப் பக்கம் ஒரு பழத்தை மெதுவாக அழுத்திப் பார்ப்பாள். "இது மழைக்கு முந்தி வெட்டினதா, பிந்தி வெட்டினதா?" என்று கேட்பாள். அப்பா உண்மையைச் சொல்லுவார். பிந்தி என்றால் அன்று வாங்காமல் போய்விடுவாள். அப்பாவுக்குக் கோபம் வராது. விற்காதது வீட்டுக்குத் திரும்பி வரும். எங்களுக்குத் திகட்டி, பிறகு ஆட்டுக்குப் போகும். எங்கள் ஆடு அந்தக் காலத்தில் ராஜாவீட்டு ஆடு மாதிரி மட்டி தின்று வளர்ந்தது.

அப்பாவுக்கு மட்டி என்றால் உயிர், அதனால்தான் நஷ்டப்பட்டு வைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அப்படியே எழுதியும் வைத்தேன். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வழக்கம்போல பாளையங்கோட்டான் பழம் உரிக்கும்போதுதான் உறைத்தது, இந்த மனுஷன் மட்டி தின்று நான் பார்த்ததே இல்லை. கேட்டேன்.

"எனக்கு அது பிடிக்காது மக்ளே. ஒரே தேனு" என்றார்.

"பின்ன எதுக்கு வைக்கிறீங்க?"

"அந்த ஆச்சிக்கு பழம் தெரியும். பழம் தெரிஞ்சவ ஒருத்தி வந்து கேக்கும்போ இல்லேன்னு சொல்லப்பிடாது."

தம்பி, நாற்பது வருஷமாக இந்தப் பதிலைச் சுமந்துகொண்டிருக்கிறேன். ரசனை என்றால் எனக்குள்ளே இருக்கும் ஏதோ ஒரு தனிச்சொத்து, அதை ஊர் வந்து பறிக்கப் பார்க்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்புகூடத் தாண்டாத ஒரு விவசாயி, தனக்குப் பிடிக்காத பழத்தை, பிடித்த ஒருத்திக்காகப் பன்னிரண்டு மூடு வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு ரசனை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் ரசனைக்காக எங்கோ ஒருவர் வரப்போரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார், சந்தைக்கு நீங்கள் போகிறீர்களா என்று நான் கேட்கிறேன்.

நீங்கள் விவசாய வீட்டுப் பிள்ளையா என்று தெரியாது, அதனால் விளக்கிச் சொல்கிறேன். நாம் தின்னும் வாழையில் விதை கிடையாது. அடியில் முளைக்கும் பக்கக்கன்றுதான் அடுத்த வாழை. வேறிடத்தில் வேண்டுமென்றால் அதைப் பிரித்து நட வேண்டும். நெல் மாதிரி குதிரில் போட்டு வைத்துவிட்டு அடுத்த பருவத்தில் விதைக்கலாம் என்றெல்லாம் இருக்க முடியாது. யாராவது குனிந்து கன்று பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கும் தோன்றாமலே போய்விட்டால், ஒருநாள் அந்த விளையில் அந்த வாழை தீர்ந்தது.

எல்லோரும் ஒன்றையே விரும்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் வாழையே சாட்சி. ஒரு காலத்தில் மேற்கு நாடுகளுக்குக் கப்பலில் போன வாழை பெரும்பாலும் குரோ மிஷெல் என்ற ஒரே ரகம். எல்லா மரமும் ஒரே தாயின் கன்று. மண்ணில் ஒரு பூஞ்சை வந்தது. பனாமா வாடல் என்று பெயர். 1950களில் தோட்டம் தோட்டமாக விழுந்தது. அதற்குப் பதிலாக, அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் ரகத்துக்கு மாறினார்கள். ஏசி கடையில் நான் பார்த்த ரோபஸ்டா, சந்தையில் கிடைக்கும் மோரிஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இன்று உலகத்தில் விளையும் வாழையில் ஏறக்குறைய பாதி அது. இப்போது அதே பூஞ்சையின் புது வடிவம் கேவண்டிஷையும் சாய்க்கிறது, 2019இல் கொலம்பியாவரை போய்விட்டது. முதல் முறை பட்டும், மறுபடி ஒரே ரகத்தில்தான் போய் நின்றார்கள். ஏன்? ஒன்று மட்டும்தான் 'மூவ்' ஆகும்.

கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. அப்பா இருந்திருந்தால் 'அதுக்கு லாரி வருமா?' என்று கேட்டிருப்பார். நம் ஊரில் குழந்தைக்கு முதன்முதலில் கொடுக்கும் பழம் மட்டிதான், உங்கள் நாக்கில் பட்ட முதல் பழமும் அதுவாகத்தான் இருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் கன்று பிரிக்காது.

இப்போது அந்த இரண்டு வரி.

நீங்கள் ஹெட்போனில் கேட்பது வாழையின் போட்டோ. போட்டோ தப்பில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்து கன்று முளைக்காது.

போன வருஷம் எங்கள் குடும்பக் கோயில் கொடைக்குக் கூட்டம் போட்டார்கள். வரி கொடுப்பவள் என்ற முறையில் நானும் போனேன். வில்லை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் இன்னொரு செட் சிங்காரி மேளம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. "வில்லுக்கு ஆளே இருக்க மாட்டாவ, நாலு பேருக்காக எதுக்கு?" என்றார்கள். ஏசி கடைப் பையன் சொன்ன அதே வசனம். நான் கத்தினேன். அழகாகப் பேசினேன் என்று சொல்ல ஆசைதான், உண்மையில் கத்தினேன். பெண் கத்தினால் சட்டென்று முடித்துவிடலாம் என்று ஒரு ராத்திரி மட்டும் வில்லுக்கு விட்டார்கள்.

அந்த ராத்திரி இரண்டு மணிக்கு எண்ணினேன். பந்தலில் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் உறக்கம். புலவர், அதாவது வில்லில் முதலில் பாடுபவர், ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். பழி வாங்க வரும் பேய் நீலியின் கதை. கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி வருகிற இடம். வீசுகோல் வில்லில் விழுகிறது, மணி குலுங்குகிறது, குடத்தின் அடி நெஞ்சில் வந்து அடிக்கிறது. அந்தம்மா சட்டென்று பாட்டை நிறுத்தி, தூணில் சாய்ந்து உறங்கிய கிழவரைப் பார்த்து, "பாட்டா, நீலி வாசல்ல வந்து நிக்கா, நீரு உறங்குதீரே?" என்றார். கிழவர் திடுக்கிட்டு எழுந்து "ஆமா" என்றார். வில்லுக்குப் பின்பாட்டுக்காரர்கள் போடும் அதே 'ஆமா'. பந்தலே சிரித்தது. அந்த 'ஆமா'வை எடுத்துக்கொண்டு அவர் பாட்டைத் தொடர்ந்தார் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதிவில் அந்த இடம் வராது. வந்தாலும் கிழவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

நீங்கள் கடிதத்தில் ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கிருந்து எங்கள் கோயில் பைக்கில் இருபத்தைந்து நிமிஷம். பந்தலில் பதினோராவது ஆளாக ஒரு தெருநாயைக் கணக்கில் சேர்த்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த இடம் உங்களுடையது. மோசமான படத்துக்குக் கூட்டத்தோடு போய் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, அதைத் திட்டி இரண்டரைப் பக்கம் எழுத உங்களுக்கு நேரம் இருந்தது. பிடித்ததுக்குப் போக நேரமில்லை. சொல்லக் கூச்சம். யாரிடம் கூச்சம்? அந்தப் படத்துக்காக எழுந்து நின்று ஆடினார்களே, அவர்கள் கூச்சப்பட்டார்களா? அந்த ஒரு விஷயத்தில் உங்கள் அலுவலகக் கூட்டாளிகள் உங்களைவிட மேல். பிடித்ததுக்கு டிக்கெட் எடுத்துப் போகிறார்கள்.

மக்களே, கோபப்படாதீர்கள். கல்லூரியில் உளவியல் பாடத்தில் ஒரு சோதனை படித்தேன். 1951இல் சாலமன் ஆஷ் என்பவர் செய்தது. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள், எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும். சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்னால் பேசுபவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே ஒரே தப்பான கோட்டைச் சொன்னால், கடைசியில் இருப்பவர் சொல்லும் பதில்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு போய்விட்டது. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியாகச் சொல்ல வைத்தார்கள். தப்பான பதில்கள் சட்டென்று குறைந்துவிட்டன. உங்கள் ரயிலில் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவன் காதில் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். சிரிப்பான். சிரிக்கட்டும். அந்த எட்டுப் பேரில் ஒருத்தனுக்கு ஊரில் ஒரு பாட்டா இருந்திருப்பார்.

அப்பாவின் வயல் இப்போது எங்களிடம் இல்லை. அந்த ஆச்சி ஒரு வருஷம் சந்தைக்கு வரவில்லை, பிறகு வரவே இல்லை. அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் மட்டிக் கன்று பிரித்துக் கொடுத்தார். அதில் ஒன்று எங்கெங்கோ சுற்றி, ஒரு உறவுக்காரர் வீட்டு வழியாக, நாகர்கோவிலில் என் வீட்டுப் பின்பக்கம் வந்து சேர்ந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அதை வேரோடு சாய்த்தது. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் படுத்துக் கிடந்த அந்த வாரத்தில் ஒரு வாழைக்காக அழுவதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அடியில் ஒரு கன்று மிச்சம் இருந்தது. அதன் வழியில் வந்ததுதான் இப்போது நிற்பது. இன்னும் குலை தள்ளவில்லை, அதனால்தான் அன்று கடைக்குப் போய் ஏமாந்தேன். அப்புறம் வடசேரி சந்தைக்குப் போய் ஒரு சீப்பு வாங்கினேன். அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன்.

எங்கள் கோயில் கொடை பங்குனியில். தேதியை முடிவு செய்ததும் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். வில்லு ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸில் போடுவார்கள், பதினொன்றரை ஆகிவிடும். பாய் கொண்டு வாருங்கள், கொசு இருக்கும். ஒரு கூட்டாளியையும் கூட்டி வந்தால் நல்லது, தெருநாயைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்காது. மட்டி நான் கொண்டு வருகிறேன். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். கோயில் பின்னால் நேர்ச்சை ஆடு கட்டியிருப்பார்கள்.

அன்புடன்,
அக்கா